சின்ன கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களின் வளாகச் சொற்கள், வழக்கங்கள்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தென்காற்று | ஆகஸ்ட் 29

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு சின்ன கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முதலாண்டு சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. மொத்த மாணவர்களே இரண்டாயிரத்துக்குள்தான். வகுப்பில் நடத்துவது புரிகிறது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால்தான் பாதிப் பேச்சு பிடிபடுவதில்லை. நேற்று இரவு எதிரே இருந்தவன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அவன் எம்கே, அவள் பிகே. நேற்று டிடிஆர் முடிந்துவிட்டது. ரிங் பை ஸ்பிரிங்தான் பார்." மேஜையே சிரித்தது. நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

சேப்பல் கிரெடிட், ஓபன் ஹவுஸ், விங், பப்புள் என்று வேறு சொற்களும் காதில் விழுகின்றன. இவற்றுக்கு அர்த்தம் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் வீடு இந்துக் குடும்பம். இங்கே வாரத்துக்கு மூன்று நாள் சேப்பல் என்ற ஆராதனைக்குப் போக வேண்டும். எல்லாரும் கண்மூடி ஜெபிக்கும்போது நான் என்ன செய்வது? உட்கார்ந்தே இருந்தால் மரியாதைக் குறைவா? எழுந்து நின்றால் நம்பாத ஒன்றுக்கு நடிப்பதாகிவிடுமா? இதை இங்கே யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

---

மணிக்கூண்டு | ஆகஸ்ட் 29

வா தம்பி. நான் படித்தது இண்டியானா மாநிலத்தில் அப்லண்ட் என்ற சிற்றூரில் இருக்கும் டெய்லர் பல்கலைக்கழகம். அங்கேயும் மாணவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்தான். முதல் மாதம் நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன்.

உன் மேஜைப் பேச்சை முதலில் அவிழ்த்துவிடுகிறேன். பிகே என்றால் பாஸ்டர் வீட்டுப் பிள்ளை. எம்கே மிஷனரி வீட்டுப் பிள்ளை. டிடிஆர் என்பது "நாம் நண்பர்களா, அதற்கு மேலா" என்று இரண்டு பேர் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசி முடிவெடுப்பது. ரிங் பை ஸ்பிரிங் என்றால், கடைசி ஆண்டு வசந்தகாலத்துக்குள் விரலில் நிச்சயதார்த்த மோதிரம் ஏறிவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. பப்புள் என்று சொல்வது வளாகத்தையேதான். வெளியுலகம் தொடாத நீர்க்குமிழி.

எம்கே பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாக. என் அறைத்தோழி ஒரு எம்கே. வெள்ளைக்காரப் பெண்தான், ஆனால் வளர்ந்ததெல்லாம் ஆப்பிரிக்காவில். "உனக்கு எந்த ஊர்" என்று யாராவது கேட்டால் அவளுக்குப் பதில் வராது. கடவுச்சீட்டு ஒரு நாடு, வீடு என்று நினைப்பது இன்னொரு நாடு. முதல் பனி விழுந்த அன்று கையுறை போடத் தெரியாமல் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான். உன் தளத்திலும் ஒரு எம்கே இருப்பான், தேடிப் பிடி. வெளியூர்க்காரனாக இருப்பது எப்படி என்று அவனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

விங் என்றால் விடுதித் தளத்தின் ஒரு பக்கம். ஆனால் அது வெறும் இடம் இல்லை. சாப்பிடப் போவது, விளையாட்டுக் குழு, ஜெபக்கூட்டம் எல்லாம் விங்காகத்தான். டெய்லரில் ஏர்பேண்ட் என்று ஒரு போட்டி உண்டு. பாட்டை ஓடவிட்டு அதற்கு வாயசைத்து ஆடுவார்கள். அதற்காக வாரக்கணக்கில் இரவு இரவாகப் பயிற்சி நடக்கும். பிக்-எ-டேட் என்று இன்னொன்று: விங்கில் இருப்பவர்கள் கூட்டாக வெளியே போகும் நாளில் உனக்குத் துணையாக யாரை அழைப்பது என்பதை உன் அறைத்தோழியே முடிவு செய்வாள். யாரையும் கேட்கத் துணிவில்லாத பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அனுபவித்தால்தான் தெரியும்.

சைலண்ட் நைட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டிசம்பரில் தேர்வு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கூடைப்பந்து ஆட்டம். அரங்கம் நிரம்பி வழியும். பாதிப் பேர் இரவு உடையில், மீதிப் பேர் விதவிதமான வேடத்தில். ஆட்டம் தொடங்கியதும் ஒரு சத்தம் கிடையாது. நம் அணி பந்தைப் போட்டாலும் கைதட்டக் கூடாது. பந்து தரையில் படுவதும் காலணி உரசுவதும் மட்டும் கேட்கும். நம் அணி பத்தாவது புள்ளியை எடுத்த அந்த நொடியில் கூரை பிய்ந்து போகிற மாதிரி ஒரு கூச்சல். ஆட்டம் முடிகிற நேரத்தில் எல்லாரும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு "சைலண்ட் நைட்" பாட்டை மெதுவாகப் பாடுவார்கள். எனக்கு அந்தப் பாட்டின் இரண்டாவது அடிகூடத் தெரியாது. பக்கத்தில் இருந்தவளின் மூச்சைக் கேட்டுக் கேட்டே பாடினேன்.

பட்டமளிப்பு நாளில் பட்டத்தோடு ஒரு துண்டும் கொடுப்பார்கள். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவித் துண்டால் துடைத்தார் அல்லவா, அதன் நினைவாக. படித்து முடித்தவன் பிறருக்கு வேலை செய்யப் போகிறான் என்று அர்த்தம். என்னுடையது இன்னும் பீரோவில் இருக்கிறது. ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை.

நம் ஆட்களுக்குச் சொல்ல ஒரு செய்தி: அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த பிஷப் வில்லியம் டெய்லர் 1870களில் இந்தியாவில் ஊழியம் செய்தவர். பம்பாய், சென்னை, பெங்களூர் என்று அலைந்து மெதடிஸ்டு சபைகளைத் தொடங்கியவர். இது எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரியவந்தது.

---

இராவிழிப்பு | ஆகஸ்ட் 30

நான் இரண்டு ஆண்டு ஆர்ஏ-வாக இருந்தவன். ஆர்ஏ என்றால் விடுதித் தளத்துக்குப் பொறுப்பான மூத்த மாணவர். தென்காற்று, உன் தளத்து ஆர்ஏ-வின் கதவைத் தட்டு. இந்தக் கேள்விகளைக் கேட்கத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

ஓபன் ஹவுஸ் என்பது ஆண்கள் விடுதிக்குப் பெண்களும், பெண்கள் விடுதிக்கு ஆண்களும் வரலாம் என்று குறித்த நேரம். சில இடங்களில் வாரத்தில் இரண்டு மூன்று மாலை, சில இடங்களில் அதிகம். அந்த நேரத்தில் அறைக்கதவு திறந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். எங்கள் இடத்தில் கால் தரையில் இருக்க வேண்டும் என்றுகூட ஒரு விதி இருந்தது.

கவனன்ட் என்ற நடத்தை உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டிருப்பாய். சேரும் அவசரத்தில் பலர் அதைப் படிப்பதில்லை. இப்போது எடுத்து முழுவதும் படி. மது, புகையிலை, உடலுறவு பற்றியெல்லாம் அதில் எழுதியிருக்கும். பல இடங்களில் அது வளாகத்துக்கு வெளியேயும் பொருந்தும், வயது 21 தாண்டியவருக்கும் பொருந்தும். நாட்டுச் சட்டம் அனுமதிப்பது ஒன்று, நீ கையெழுத்துப் போட்டது வேறு. இந்த வித்தியாசம் புரியாமல் என் தளத்தில் ஒரு வெளிநாட்டு மாணவன் மாட்டிக்கொண்டான். அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

சேப்பல் கிரெடிட்: ஒரு பருவத்துக்கு இத்தனை ஆராதனைக்கு வர வேண்டும் என்று கணக்கு. அட்டையைத் தேய்ப்பார்கள் அல்லது கைபேசியில் பதிவு செய்வார்கள். ஸ்கிப் என்றால் வராமல் இருக்க உனக்கு அனுமதித்த எண்ணிக்கை. அதை செப்டம்பரிலேயே தீர்த்துவிடாதே. நவம்பரில் காய்ச்சல் வரும்.

ஜெபத்தின்போது என்ன செய்வது? எல்லாரும் எழுந்தால் எழு, உட்கார்ந்தால் உட்கார். கண்ணை மூட வேண்டியதில்லை, பாட வேண்டியதில்லை. திருவிருந்து நடந்தால் அப்பத்தையும் திராட்சைரசத்தையும் எடுக்காமல் அடுத்தவருக்குக் கடத்திவிடு. அது நம்பிக்கையாளர்களுக்கானது என்பதால் நீ எடுக்காமல் இருப்பதுதான் மரியாதை. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

---

கடலோடி | ஆகஸ்ட் 30

இவ்வளவு இனிப்பாகவே எழுதிக்கொண்டு போனால் அந்தப் பையனுக்குப் பாதிதான் தெரியும். நானும் அப்படி ஓர் இடத்தில் நான்கு ஆண்டு படித்தேன். பெயர் வேண்டாம்.

ரிங் பை ஸ்பிரிங் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் மூன்றாம் ஆண்டு முடியும்போது என் தோழி ஒருத்தி, தனக்கு யாரும் அமையவில்லை என்பதால் கடவுளே தன்னை ஒதுக்கிவிட்டார் என்று நம்பத் தொடங்கினாள். இருபத்தொரு வயதில். நம் ஊரில் அத்தை சித்தி எல்லாம் "எப்போது கல்யாணம்" என்று கேட்பார்கள். அதைத் தாண்டி வந்தோம் என்று நினைத்தால், அங்கே சம வயதுக்காரர்களே கேட்டார்கள்.

சேப்பலுக்கு வராத நாட்களுக்கு எங்களிடம் அபராதம் வாங்கினார்கள். என் பாட்டி இறந்த வாரம் நான் போகவில்லை. எண்ணிக்கை தாண்டிவிட்டது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது, அதில் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. ஜெபிக்கச் சொல்லும் இடத்திலிருந்து அப்படி ஒரு கடிதம் வந்தது எனக்குத் தாங்கவில்லை. கட்டாயப்படுத்தி வரவைக்கும் ஆராதனை ஆராதனைதானா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

---

மணிக்கூண்டு | ஆகஸ்ட் 30

கடலோடி, அந்தக் கடிதம் பற்றிப் படித்ததும் மனது கனத்துவிட்டது. அது நடந்திருக்கவே கூடாது.

என் காலத்தில் டெய்லரில் வாரம் மூன்று முறை சேப்பல். வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள், ஆனால் வருகைப்பதிவு எடுக்க மாட்டார்கள். அரங்கம் அப்படியும் நிறையும். அதனால் கட்டாயம் என்பதை நான் அவ்வளவாக உணர்ந்ததில்லை. எல்லா இடத்தையும் ஒரே மாதிரி நினைத்து எழுதியது என் தவறு.

---

ஏட்டுச்சுவடி | ஆகஸ்ட் 31

இந்த வகைக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டு பாடம் நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் பின்னணி சொல்கிறேன். கட்டாய சேப்பல் சின்ன இடங்களின் கண்டுபிடிப்பு இல்லை. பழைய அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் அதுதான் வழக்கம். ஹார்வர்டு 1886இல் கைவிட்டது. யேல் 1926 வரை வைத்திருந்தது. பெரியவை விட்டுவிட்ட பிறகு சின்னவை பிடித்துக்கொண்டன. அதனால்தான் அது இன்று அவற்றுக்கு மட்டுமே உரிய அடையாளம்போல் தெரிகிறது.

வழக்கங்கள் மாறாமலும் இல்லை. இல்லினாய் மாநிலத்து வீட்டன் கல்லூரி 1860இல் தொடங்கியது. வளாகத்தில் கல்லூரியே நடத்திய முதல் நடன நிகழ்ச்சி 2003 நவம்பரில்தான் நடந்தது. இடையில் 143 ஆண்டு! இன்று அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தடை இருந்ததே கதையாகத்தான் தெரியும்.

கடலோடியின் கேள்விக்கு வருகிறேன். கென்டக்கி மாநிலம் வில்மோர் ஊரில் அஸ்பரி பல்கலைக்கழகம். அங்கேயும் சேப்பலுக்குக் கட்டாயம் வர வேண்டும். 2023 பிப்ரவரி 8, புதன்கிழமை. வழக்கமான சேப்பல் முடிந்தது. பெரும்பாலோர் வகுப்புக்குப் போய்விட்டார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் பாடிக்கொண்டும் ஜெபித்துக்கொண்டும் அங்கேயே இருந்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த ஆராதனை 16 நாள் நிற்கவில்லை. சில ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு 50,000 பேருக்கு மேல் வந்தார்கள். வெளியே புல்வெளியில் குளிரில் வரிசை. 1970 பிப்ரவரியிலும் அதே அரங்கில் இப்படி 185 மணி நேரம் நடந்திருக்கிறது. நம் சபைகளில் எழுப்புதல் என்று சொல்வோமே, அது.

என் மனதில் நிற்பது இதுதான். வரவைத்தது கட்டாயம். மணி அடித்த பிறகும் உட்கார வைத்ததை எந்த விதியும் செய்யவில்லை. கட்டாயம் சரி என்று இதை வைத்து வாதாட மாட்டேன். அந்த மின்னஞ்சலை எழுதியவர் முதலில் ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்திருக்க வேண்டும்.

---

வடகரை | ஆகஸ்ட் 31

வீட்டன் என்றதும் ஓடி வந்தேன். அங்கே நிச்சயம் ஆன ஜோடி பிளாஞ்சர்ட் கட்டடத்தின் கோபுரத்தில் ஏறி மணி அடிக்கும். ஏழு ஏழாக மூன்று தடவை, மொத்தம் 21. நூலகத்தில் படித்துக்கொண்டிருப்பவர்கள் தலையைத் தூக்கி எண்ணுவார்கள்.

அப்புறம் பெஞ்ச். ஒரு கான்கிரீட் இருக்கை. மூன்றாம் ஆண்டுக்காரர்களும் நான்காம் ஆண்டுக்காரர்களும் அதை ஒருவரிடமிருந்து ஒருவர் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைப்பார்கள். பிடித்து வைத்திருக்கும் வகுப்பு அதை அவ்வப்போது எல்லார் கண்ணிலும் காட்டவும் வேண்டும். தூக்கவே முடியாத ஒரு கல்லுக்காக இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் முப்பது வருடம் கழித்தும் நண்பர்களாக இருக்கிறார்கள்.

---

நீரோட்டம் | செப்டம்பர் 1

மிச்சிகனில் ஹோப் கல்லூரியின் "புல்" (Pull) என்ற வடம் இழுக்கும் போட்டி பற்றி யாரும் எழுதவில்லையே! 1898 முதல் நடக்கிறது. பிளாக் ரிவர் என்ற ஆற்றுக்கு இந்தக் கரையில் முதலாண்டு, அந்தக் கரையில் இரண்டாம் ஆண்டு, நடுவே வடம். நின்று இழுப்பதில்லை. ஒவ்வொருவரும் மண்ணில் குழி தோண்டி அதற்குள் படுத்து, காலை உதைத்து இழுப்பார்கள். அணிக்கு 18 பேர். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு துணை உட்கார்ந்து தண்ணீர் கொடுத்து, எப்போது இழுக்க வேண்டும் என்று சைகையைச் சொல்லிக்கொண்டே இருப்பார், ஏனென்றால் குழிக்குள் கிடப்பவருக்கு எதுவும் தெரியாது. 1977இல் 3 மணி 51 நிமிடம் போனது. அதன் பிறகு நேர வரம்பு வைத்துவிட்டார்கள்.

முதலாண்டுக்கு மூன்றாம் ஆண்டும், இரண்டாம் ஆண்டுக்கு நான்காம் ஆண்டும் பயிற்சி தரும். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஊர் பேர் தெரியாமல் வந்த முதலாண்டுப் பிள்ளைக்கு மூன்றாம் வாரத்திலேயே ஒரு அண்ணனோ அக்காவோ கிடைத்துவிடுகிறார்கள்.

---

கடலோடி | செப்டம்பர் 1

ஏட்டுச்சுவடி ஐயா, கடைசி வரிக்கு நன்றி. இத்தனை வருடத்தில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

தென்காற்று, நான் எழுதியதைப் பார்த்துப் பயப்படாதே. எங்கள் தளத்தில் செவ்வாய் இரவு பதினோரு மணிக்கு யாராவது ஒருவர் ரொட்டி சுடுவார். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. பாட்டி இறந்த வாரம் அந்த ரொட்டி மூன்று நாள் என் கதவுக்கு வெளியே இருந்தது. அதையும் நான் சேர்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

---

தென்காற்று | டிசம்பர் 14

எல்லாருக்கும் மீண்டும் வணக்கம். இந்த இழையை எத்தனை முறை திறந்து படித்தேன் என்று கணக்கே இல்லை. சேப்பலில் எழுந்து நிற்கிறேன், கண்ணைத் திறந்தபடி. அக்கா சொன்னதுபோல் ஒரு எம்கே கிடைத்தான். தளத்தின் கடைசி அறை. ஸ்கிப் இரண்டு மிச்சம் இருந்தது, நவம்பரில் காய்ச்சலும் வந்தது.

நேற்று நடந்ததை எழுதத்தான் வந்தேன். தேர்வுக்கு முந்தைய கடைசிக் கூட்டம் என்று தளத்தில் எல்லாரையும் பொது அறைக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் ஒரு நாற்காலி, ஒரு வாளி வெந்நீர், துண்டு. மூத்தவர்கள் முதலாண்டுக்காரர்களின் கால்களைக் கழுவப் போகிறார்கள் என்று ஆர்ஏ சொன்னார். விருப்பமில்லாதவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

நம் வீட்டில் கால் தெரியாமல் ஒருவர் மேல் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். தாத்தா காலில் நான் விழுவேன். வயதில் மூத்தவர் என் காலைத் தொடுவது என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. என் முறை வந்தபோது ஆர்ஏ முட்டி போட்டு உட்கார்ந்தார். சட்டென்று காலை இழுத்துக்கொண்டேன். "வேண்டாம், நீங்கள் பெரியவர்" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. எங்கள் வழக்கத்தை அங்கேயே, அத்தனை பேர் முன்னால் விளக்கினேன். நான்கு மாதத்தில் அவ்வளவு நேரம் நான் பேசியது அன்றுதான். அறை அமைதியாகக் கேட்டது.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேதுருவும் இதையேதான் சொன்னார்" என்றார். எனக்குப் பேதுரு யார் என்று தெரியாது. எம்கே நண்பன்தான் சொன்னான்: இயேசு காலைக் கழுவ வந்தபோது சீடர் பேதுரு, நீர் ஒருபோதும் என் காலைக் கழுவக் கூடாது என்று தடுத்தாராம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒருவருக்கும் எனக்கும் ஒரே கூச்சம்.

காலை நீட்டினேன். தண்ணீர் நல்ல சூடு. துடைத்து முடித்து அவர் எழுந்ததும் நான் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அது என்னவென்று அவர் கேட்கவில்லை. சற்றுமுன் சொல்லியிருந்தேனே.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அப்புறம், ஜனவரியில் ஜே-டெர்ம் என்கிறார்கள். அது என்ன?

---

மணிக்கூண்டு | டிசம்பர் 14

அம்மாவிடம் கடைசியிலிருந்து தொடங்கு. நீ அவர் காலைத் தொட்டதிலிருந்து.

ஜே-டெர்ம் என்றால் ஜனவரிப் பருவம். மூன்று நான்கு வாரம், ஒரே ஒரு பாடம், தினமும் வகுப்பு. ஒரு நாள் தவறினால் ஒரு வாரப் பாடம் போனதுபோல, அதனால் காய்ச்சலை இந்த மாதமே முடித்துக்கொள். பாதி வளாகம் காலியாக இருக்கும். குளிர் கடுமை. தடித்த காலுறை நான்கு ஜோடி வாங்கி வை.